முட்டையும் முயலும் முறுவலும்



திருநாள் என்பது நாட்காட்டியில் தனக்குரிய இடத்தில் அடங்கியிருத்தல் வேண்டும். கிறிஸ்துமஸ் அவ்வாறு அடங்கியது, ஈஸ்டர் அடங்காதது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அது வந்து அமரும். மார்ச் 21-இலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலாவைக் கண்டு, அதற்கடுத்த ஞாயிறு என்பது மேலைத் திருச்சபையின் கணக்கு. அனைவரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325-இல் நைசியாப் பேரவை முடிவு செய்தது. ஆயினும் நாட்காட்டிகள் வேறுபட்டமையால் கிழக்கும் மேற்கும் பெரும்பாலும் வெவ்வேறு நாள்களிலேயே கொண்டாடுகின்றன. அப்பேரவையின் 1700-ஆம் ஆண்டாகிய 2025-இல், முன்னோர் மனம் குளிரட்டும் என்பதுபோல, இரண்டும் ஏப்ரல் 20-இல் ஒன்றுபட்டன!

இனி, முட்டையின் கதை. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தின் நாற்பது நாள்களும் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. திருச்சபையின் ஆணையை மக்கள் அறிவர், கோழிகள் அறியா. அவை தம் கடமையைத் தவறாமல் ஆற்றின. குவிந்த முட்டைகள் விழா நாளன்று வண்ணம் பூசப்பெற்றுப் பரிசுகளாயின. ஓடு கல்லறை என்றும், அதனை உடைத்து வருவது புத்துயிர் என்றும் பொருள் கண்டனர் பெரியோர். கீழைத் திருச்சபையினர் கிறிஸ்துவின் குருதியை எண்ணி அதற்குச் செந்நிறம் தீட்டினர்.

அம்முட்டையைக் கொணர்வது யார்? செருமானியக் குழந்தைகளைக் கேட்டால் முயல் என்பர். 1682-இலேயே ஒரு செருமானிய மருத்துவர் இவ்வழக்கத்தை எழுதி வைத்துள்ளார். நம்மவர் இல்லாத பொருளுக்கு முயற்கொம்பை உவமை கூறினர். அவர்களோ முயலை முட்டையிடவே செய்துவிட்டனர்! பிரான்சு நாட்டில் அப்பணி ஆலய மணிகளுக்கு உரியது. பெரிய வியாழனன்று மௌனமாகும் மணிகள் உரோமாபுரிக்குப் பறந்து சென்று, ஈஸ்டரன்று திரும்பும் வழியில் தோட்டங்களில் முட்டைகளை உதிர்க்குமாம். ஆஸ்திரேலியாவிலோ முயல் பயிரழிக்கும் பகையாயிற்று. ஆகவே அழியும் ஆபத்துக்கு உள்ளான பில்பி என்னும் சிற்றுயிரைச் சாக்லேட்டில் வார்த்து விற்கின்றனர்.

இவையெல்லாம் புனித நாளுக்கு ஏற்ற விளையாட்டுகளா என்னும் வினா எழக்கூடும். அவ்வினா புதிதன்று. பவேரியப் பகுதியில் ஈஸ்டர் மறையுரையின்போது குருமார் வேடிக்கைக் கதைகள் கூறி மக்களைச் சிரிக்கவைக்கும் வழக்கம் இருந்தது. அதற்கு 'ஈஸ்டர் சிரிப்பு' என்றே பெயர். அது எல்லை மீறுகிறது என்று 1518-இல் எக்கொலாம்பாடியசு என்னும் அறிஞர் கண்டித்தெழுதினார். அவர் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆலயம் கேளிக்கைக் கூடமன்று. எனினும் அச்சிரிப்பின் வேர் நாற்பது நாள் நோன்பிலும், பெரிய வெள்ளியின் துயரிலும் இருந்தது. சாவு தோற்றதென்று நம்புவோர் சிரிக்காமல் வேறென் செய்வர்?

யோவான் நற்செய்தியிலே, கல்லறை அருகே அழுதுகொண்டு நின்ற மகதலா மரியாள், உயிர்த்தெழுந்தவரைத் தோட்டக்காரர் என்று கருதிவிடுகிறாள். பெயர் சொல்லி அழைத்ததும் அறிந்துகொள்கிறாள். முதல் ஈஸ்டர் காலையே ஒரு கண்ணீரிலும் ஓர் இனிய தவற்றிலும்தான் விடிந்தது. அழுதவர் முகத்தில் அன்று அரும்பிய அந்த முறுவலைத்தான் வண்ண முட்டையைத் தேடியோடும் குழந்தைகள் இன்றும் காத்து வருகின்றனர். முயல் முட்டையிடாது என்பதை அவர்களும் ஒருநாள் அறிவர். முறுவல் மட்டும் எஞ்சட்டும்.