அறுப்பு எப்போதோ, தவணை அப்போது!

(திண்டிவனத்தில் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாட்டை மாத்திக் கட்டிட்டு, மடையைத் திருப்பி விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றோம். இன்றைக்கு நாம் பேசப்போவது கடன் தள்ளுபடி பற்றி அல்ல. கடனைக் கட்டி முடித்த ஒரு குடும்பத்தைப் பற்றி.

மயிலம் பக்கத்துக் குடும்பம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒன்றரை ஏக்கர் கழனி, கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் கொல்லை. கழனியில் சம்பா, கொல்லையில் மல்லாட்டை. ஒரு கறவை மாடு, நாலு ஆடு. நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே?

2020-இல் ஒரு வங்கியில் பயிர்க்கடன் 1,50,000 ரூபாய் வாங்கினார்கள். 1,60,000 ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனாலும் பத்திரத்தைக் கேட்டார்கள், இவர்களும் கொடுத்தார்கள். விதி இருப்பது நமக்குத் தெரியாது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த விதி!

2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அது கூட்டுறவு சங்கக் கடனுக்கு மட்டும்தான். 2006, 2016 தள்ளுபடிகளும் அப்படியே. வங்கிக் கடன்காரருக்கு எதுவும் இல்லை. “அடுத்த தடவை நமக்கும் வரும்” என்று அந்த அண்ணன் காத்திருந்தார். அந்த நவம்பர் மழையில் கழனி மூழ்கியது. தவணை தவறியது. குறுகிய காலப் பயிர்க்கடன் இரண்டு பருவம் நிலுவையில் நின்றால் வாராக்கடன். வட்டிமேல் வட்டி ஏறி, 2024 தொடக்கத்தில் 2,05,000 ரூபாய் ஆனது.

மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. அண்ணன் அதைப் பிரிக்காமலே கூரையில் செருகி வைத்துவிட்டார். டீக்கடைக்குப் போவதில்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. அந்தம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் இருந்த பூச்சிமருந்து டப்பாவை ராத்திரியோடு ராத்திரியாக அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலையில் நோட்டீசை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்.

“இது போலீஸ் காகிதமா, இல்ல ஜப்தி காகிதமா?” என்று கேட்டார்.

ரெண்டும் இல்லம்மா, பேசித் தீர்த்துக்கக் கூப்பிட்ட காகிதம் என்றோம். அந்தம்மா அப்போதுதான் உட்கார்ந்தார்.

தோழர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். மக்கள் நீதிமன்றம் 1987-ஆம் ஆண்டு சட்டப்படி நடப்பது. கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாம். ஆனால் போட்டுவிட்டால் அது கோர்ட்டு தீர்ப்புக்குச் சமம். அப்பீல் கிடையாது. அதனால்தான் சொல்கிறோம்: போகப் பயப்படாதே, போடப் பயப்படு!

2024 மார்ச்சில் கூடப் போனோம். 1,60,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். முன்பணம் 40,000. மீதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,000 வீதம் நாலு தவணை. ஒரு தவணை தவறினாலும் பழைய முழுத் தொகையும் வட்டியோடு திரும்பி வரும் என்று ஒரு வரி. எல்லாம் இங்கிலீசில்.

45,000 ரூபாய் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷமாக வெளியே வந்தோம். தப்பு எங்கே என்று பிற்பாடுதான் புரிந்தது. அந்தத் தப்பு நம்ம சங்கத்தின் மேலேயும் இருக்கு. தொகைக்குச் சண்டை போட்டோம், தேதிக்குப் போடலை.

முன்பணத்துக்கு நகை அடகுக்குப் போனது. ஜூன் தவணைக்கு மல்லாட்டைக் காசு இருந்தது. செப்டம்பரில் என்ன இருக்கும்? சம்பா அப்போதுதான் நாற்றங்கால். ஆடு நாலும் போச்சு, நூறு நாள் கூலி போச்சு, பால் காசு போச்சு. கட்டினார்கள். அடுத்து டிசம்பர். பயிர் பொதி கட்டி நிற்கும் மாதம். கையில் காலணா இருக்காது.

அப்போதுதான் ஃபெஞ்சல் புயல். 2024 டிசம்பர் 1 காலையோடு ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. அரை மீட்டர் அய்யா! கழனி எது, ஏரி எது என்று தெரியவில்லை. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏழாயிரம்கூட இல்லை. தவணையோ முப்பதாயிரம்.

பத்து வட்டிக்குத் தர ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்தார். “பேங்குகாரன் முன்னாடி தலை குனியாதே, நான் இருக்கேன்” என்றார். அண்ணன் சரி சொல்லிவிட்டார். அந்தம்மாதான், “சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கலாம்” என்று நிறுத்தினார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 30,000 ரூபாய்க்குப் பத்து வட்டி மாசம் 3,000. வருஷத்துக்கு 36,000. முதலைவிட வட்டி அதிகம், முதல் அப்படியே நிற்கும். பேங்குத் தவணைக்குக் கந்துவட்டி வாங்குவது, வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு கூரையைப் பிரிச்சு அடுப்பெரிச்ச கதை.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கினோம், பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் பெயர் இருப்பதற்கு ஆதாரம் வாங்கினோம். “டிசம்பர், மார்ச் இரண்டு தவணையையும் மல்லாட்டை அறுப்புக்குப் பிறகு ஜூனில் சேர்த்துக் கட்டுகிறோம்” என்று தமிழில் மனு எழுதிக் கொடுத்தோம். நாலு தடவை நடந்தோம். முதல் மூன்று தடவை “மேலே கேட்கணும்”. நாலாவது தடவை இருபது பேர் போய் அமைதியாக வாசலில் உட்கார்ந்தோம். எழுத்தில் சம்மதம் வந்தது!

ஜனவரியில் தண்ணி வடிந்ததும் கொல்லையில் மல்லாட்டை போட்டார்கள். மே மாதம் பிடுங்கி, திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் போட்டு, பால் காசும் சேர்த்து 60,000 ரூபாயை ஒரே தடவையாகக் கட்டினார்கள். இப்போது கடன் இல்லை. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆடு இன்னும் வாங்கவில்லை. அண்ணன் டீக்கடைக்கு வருகிறார். அது போதாதா?

போதாது தோழர்களே! ஏனென்றால் இந்தக் கஷ்டத்தில் பாதி தேவையே இல்லாத கஷ்டம்.

முதல் விஷயம். 2021 மழையிலேயே அவர் வங்கிக்குப் போயிருக்க வேண்டும். அப்போது நடப்பில் இருந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல்படி, பேரிடர் பாதித்ததாக அறிவித்த பகுதியில் 33 முதல் 50 சதம் வரை சேதம் என்றால் பயிர்க்கடனை இரண்டு வருஷத் தவணையாக, 50 சதத்துக்கு மேல் என்றால் ஐந்து வருஷம் வரைக்கும் மாற்றித் தரலாம். முதல் வருஷம் தவணை கேட்கக் கூடாது. இது வாராக்கடன் ஆவதற்கு முன்னால் கேட்க வேண்டியது. யாராவது தண்டோரா போட்டுச் சொன்னார்களா?

இரண்டாவது, பேசித் தீர்த்த கணக்கை முழுசாகக் கட்டி முடித்ததாகப் பதிய மாட்டார்கள். ‘செட்டில்டு’ என்றுதான் பதிவார்கள். அடுத்த கடன் வாங்க அது இடிக்கும். எப்போது மறுபடி கடன் தருவீர்கள் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

மூன்றாவது, விவசாய நிலத்தின் மேல் சர்ஃபேசி சட்டம் செல்லாது. அந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. “கோர்ட்டுக்குப் போகாமலே நிலத்தை ஏலம் விட்டுடுவோம்” என்று எவராவது மிரட்டினால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் போடக் கூடாது என்று 2022-லேயே உத்தரவு இருக்கிறது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

பேசித் தீர்ப்பது மானக்கேடு என்று நினைக்காதீர்கள். 1938-இல் ராஜாஜி ஆட்சியிலேயே விவசாயி கடனைக் குறைக்கச் சட்டம் வந்தது. முதலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்றது அந்தச் சட்டம். பெரிய கம்பெனிகளுக்கு 2016-இல் தனியாகத் திவால் சட்டம் போட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து எவ்வளவு விட்டுக் கொடுக்கலாம் என்று பேசுகிறார்கள். அவர்கள் செய்தால் தீர்வுத் திட்டம், நாம் செய்தால் ஓடுகாலியா?

ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது முதல்வராக இருந்த ஓமந்தூரார் பிறந்த மண் இது. கை கட்டி நிற்கிற மண் இல்லை! நாம் கேட்பது பிச்சை அல்ல, கட்டுவதற்கு ஒரு வழி. நமது கோரிக்கைகள்:

1. தவணைத் தேதியை அந்தந்த ஊர்ப் பயிரின் அறுவடையை ஒட்டி வை!

2. ஒப்பந்தக் காகிதத்தைத் தமிழில் கொடு! படித்துக் காட்டி, ஒரு நாள் அவகாசம் கொடுத்துக் கையெழுத்து வாங்கு!

3. பேரிடர் வந்தால் கடன் மாற்றியமைப்பை விவசாயி கேட்காமலே செய்! பேசித் தீர்த்த தவணைக்கும் தானாக அவகாசம் கொடு!

4. தனிநபர் கடன் தீர்ந்தால் 30 நாளில் சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. அதே விதியை விவசாயக் கடனுக்கும் போடு!

வரும் விவசாயிகள் குறைதீர் நாளில் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் கூடுவோம். நோட்டீஸ் வந்தவர்கள் கூரையில் செருகி வைக்காமல் கையில் எடுத்து வாருங்கள். வெள்ளத்தில் பாதித்தவர்களுக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், திண்டிவனத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவிலும் கேட்கலாம். தனியாகப் போகாதீர்கள். சங்கத்தில் சொல்லுங்கள், கூட வருகிறோம். இந்தத் தடவை தேதிக்கும் சண்டை போடுவோம்!

வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்! அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கணக்கு அவர்களுக்குத்தான் தெரிகிறது!

அறுப்பு எப்போதோ, தவணை அப்போது!
ஒன்றுபடுவோம்! உரிமையைக் கேட்டு வாங்குவோம்!