சொட்டுகிற வால்வைத் திருகாதீர்கள்

மழை ஓய்ந்த மறுநாள் நம் மலையூர் காந்தலூரில் ஜீப்புகளைப் பார்த்தால் டயருக்கு மேலே என்ன நிறம் என்றே தெரியாது. வெறும் சேறு என்றால் பச்சைத் தண்ணீரே போதும். வண்டிக்கு அடியில் கிரீஸோடு குழைந்து காய்ந்துபோன சேற்றுக்கு வெந்நீர்தான் சரி. அதற்காக வந்ததுதான் டீசல் பர்னர் வைத்த பிரஷர் வாஷர். ஐரோப்பாவில் இந்த மாதிரி மெஷினை 1950-இல் முதலில் செய்தவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் கேர்ஷர்.

இந்த மெஷினில் பிரஷர் இறங்கியதும் எல்லோரும் சொல்வது, "பம்ப் போச்சு." பெரும்பாலும் பம்ப் ஒரு பாவமும் அறியாது. பம்பின் வேலை தண்ணீரைத் தள்ளுவது மட்டும். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. அந்தத் தண்ணீர் நாசிலின் சின்னத் துளை வழியே நெருக்கியடித்துப் போகும்போதுதான் பிரஷர் பிறக்கிறது. ஆகவே பிரஷர் குறைந்தால், தண்ணீர் போதுமான அளவு வரவில்லை, அல்லது வேறு வழியில் போகிறது, அல்லது துளை பெரிதாகிவிட்டது.

துளையை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஓடைத் தண்ணீரில் வருகிற மணல் அதை நாளுக்கு நாள் அரிக்கும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் போதும், பிரஷரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், கைக்கு நன்றாகத் தெரியும். பம்பைப் பிரிக்கும் முன் புது நாசில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலேயே சரியானால் செலவு அத்தோடு முடிந்தது.

சரியாகவில்லையா? பர்னரை அணைத்துவிட்டு, நாசிலைக் கழற்றி, தண்ணீர் பீய்ச்சும் கன்னை ஒரு வாளிக்குள் பிடியுங்கள். பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று இருந்தால் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைய வேண்டும். நிறைந்தால் பம்ப் பெரும்பாலும் நலம். நிறையவில்லை என்றால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள், பாசியும் இலைத்தூளும் அடைத்திருக்கும். அடுத்து உறிஞ்சுகிற ஹோஸ். கிளிப் தளர்ந்து காற்று வாங்கினால் ஹோஸ் துடிக்கும், பீய்ச்சல் விட்டுவிட்டு வரும். பேக்கிங் தேய்மானமும் பம்ப் வால்வில் மாட்டிய மணலும் அதற்குப் பிறகுதான்.

நம் ஊருக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு. காந்தலூர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. கடல் மட்டத்தில் ஒரு பம்ப் கணக்குப்படி 10 மீட்டருக்குச் சற்று மேல் உறிஞ்சலாம் என்றால், இங்கே அது எட்டரை மீட்டர் அளவுக்குச் சுருங்கும். நடைமுறையில் இரண்டுமே இன்னும் குறைவு. அதனால் தொட்டியை மெஷினுக்கு மேலே வையுங்கள், பள்ளத்திலிருந்து இழுக்க வேண்டாம்.

பம்ப் பக்கத்து மீட்டர் முள்ளையும் கவனியுங்கள். முள் உயர்ந்து நிற்கிறது, கன்னில் மட்டும் வேகமில்லை என்றால், வழியில் ஏதோ அடைப்பு. தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்குள் உப்புப் படிந்திருக்கலாம்.

இனி வால்வுகள். தோட்டத்தில் மருந்தடிக்கிற ஹெச்.டி.பி. பம்பில், கன்னை மூடியதும் தண்ணீர் டிரம்முக்கே திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வாஷரில் அந்த வேலையைச் செய்வது அன்லோடர். ரிலீஃப் வால்வு வேறு. குக்கரில் வெயிட் தினமும் வேலை செய்யும், சேஃப்டி வால்வு ஆபத்தில் மட்டும் திறக்கும் அல்லவா, அதே உறவுதான் இவை இரண்டுக்கும். கன்னை விட்ட நொடியில் ரிலீஃப் பீய்ச்சினால், அன்லோடர் சிக்கியிருக்கிறது என்று சந்தேகியுங்கள். சூடானபின் மட்டும் திறந்தால், கன் மூடியபிறகும் பர்னர் அணையவில்லையா என்று பாருங்கள். தண்ணீர் ஓட்டம் நின்றதும் பர்னரை அணைக்க வேண்டிய சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எப்போதுமே சொட்டினால், வால்வு உட்காரும் இடத்தில் தூசி அல்லது ஸ்பிரிங் தளர்ச்சி. வால்வையே மாற்றிவிடுங்கள்.

சிலர் ஸ்பேனரை எடுத்து ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். சொட்டு நிற்கும், பிரஷரும் ஏறும். சாதித்துவிட்டதாகத் தோன்றும். காயிலுக்குள் அடைபட்ட தண்ணீர் சூடாகி விரியும்போது வெளியேற வழி இருக்காது. ஹோஸோ காயிலோ வெடித்தால் பக்கத்தில் நிற்பவர்மேல் பாய்வது கொதிநீர்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. மெல்லிய பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், உள்ளே சதை நாசமாகும். மருந்து தடவிக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதையும் கழற்றும் முன் பர்னரை அணைத்து, ஓரிரு நிமிடம் பச்சைத் தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் வரத்தை மூடி, கன்னை அழுத்தி மீதிப் பிரஷரை வெளியேற்றுங்கள். உதிரிபாகத்துக்கு உடுமலைக்கு இறங்குகிறவர்கள் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் எத்தனை, பார் எத்தனை என்று சொல்லாமல் நாசில் வாங்கினால், மலை ஏறி வந்து மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும்.