பனிச்சாலையில் ஓடும் குடும்பக் கார்



கார் விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி உண்டு. ஜீப்பைப் போல உயரமான ஒரு கார், முழங்கால் அளவு பனியைக் கிழித்துக்கொண்டு மலை ஏறும். பின்னணி இசை முழங்கும். ஓட்டுபவரின் முகத்தில் ஒரு புன்னகை. இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களின் மனத்தில் ஓர் எண்ணம் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. பனி கொட்டும் நாட்டில் வாழ வேண்டுமானால் நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய கார்தான் வேண்டும், சாதாரணக் குடும்பக் காருக்கு அங்கே வேலையில்லை என்ற எண்ணம்தான் அது.

ஆனால் கனடாவின் மொன்ட்ரியால் நகரில் ஒரு ஜனவரி மாதக் காலையில் சாலையோரம் நின்று பார்த்தால் காட்சி வேறு விதமாக இருக்கும். ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா என்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஓடுகின்ற அதே வகைக் கார்கள் அங்கேயும் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பெற்றோரை வேலைக்குக் கொண்டு போய்க்கொண்டிருக்கும். அந்த நகரில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 2 மீட்டருக்கும் அதிகமாகப் பனி பெய்கிறது. அப்படியிருந்தும் குடும்பக் கார்கள் ஓடுகின்றன, வளைகின்றன, சிவப்பு விளக்கில் நிற்கின்றன. இது எப்படி?

பதில், பலரும் குனிந்துகூடப் பார்க்காத இடத்தில் இருக்கிறது. டயரில் இருக்கிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றேகால் டன் எடையுள்ள ஒரு கார், ஐந்து உயிர்களைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்தக் காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு? ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு, ஏறக்குறைய விரித்த கையளவுதான். அப்படி நான்கு கையளவு ரப்பர். இயந்திரத்தின் வலிமை, பிரேக்கின் வலிமை, ஸ்டீரிங் திரும்புவது எல்லாமே அந்த நான்கு கையளவு இடத்தின் வழியாகத்தான் சாலையைச் சென்றடைய வேண்டும். அந்தப் பிடி நழுவினால், விலையுயர்ந்த காரும் வழுக்குப் பலகைதான்.

இந்தப் பிடி எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக்கை மிதித்த பிறகு, காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில், நல்ல குளிர்கால டயர் இருந்தாலும், சுமார் 40 மீட்டர் போகும். வழுக்கும் பனிக்கட்டியின் மேல் என்றால் 100 மீட்டர் அளவுக்குச் சறுக்கிக்கொண்டே போகலாம். அது கிட்டத்தட்ட ஒரு காற்பந்துத் திடலின் நீளம். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்கும் நேரத்தில் கார் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நிற்கும் தூரம் பாதியாக அல்ல, கால் பங்காகக் குறைகிறது. அதே பனிக்கட்டியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 100 மீட்டர் 25 மீட்டராகிவிடும். பனி நாட்டில் அனுபவசாலிகள் மெதுவாகப் போவது பயத்தினால் அல்ல. இந்தக் கணக்கு அவர்களுடைய காலுக்குத் தெரியும்.

இனி டயருக்கு வருவோம். சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் இறுகத் தொடங்குகிறது. குளிர் கூடக் கூட அது பிளாஸ்டிக்கைப் போல விறைத்துக்கொள்கிறது. விறைத்த ரப்பர் சாலையின் மேடு பள்ளத்தைப் பற்றிக்கொள்ளாது. குளிர்கால டயர் வேறு கலவையில் செய்யப்படுகிறது. அதில் இயற்கை ரப்பரின் பங்கு பொதுவாகக் கூடுதல், சிலிக்காவும் சேர்க்கப்படுகிறது. அதனால் கடுங்குளிரிலும் அது மென்மையாக இருக்கிறது. அதன் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்தக் கீறல்களின் ஓரங்கள்தான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

இந்த இடத்தில் மலாயாத் தமிழர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவிய தலைமுறை, பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர்கள் வாளியில் சேர்த்த அதே பொருள்தான், செயற்கை ரப்பர் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும், பனி நாட்டுச் சாலையில் காரைப் பிடித்து நிறுத்த உதவிக்கொண்டிருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாநிலம் இந்த உண்மையைச் சட்டமாகவே ஆக்கியது. 2008-ஆம் ஆண்டு முதல் அங்கே குளிர்காலத்தில் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது. தொடக்கத்தில் டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்றிருந்த காலம், 2019 முதல் டிசம்பர் 1-லேயே தொடங்குகிறது. மீறினால் 200 முதல் 300 கனடா டாலர் வரை அபராதம். சட்டம் வருவதற்கு முன்பே கியூபெக் வாகனமோட்டிகளில் பெரும்பாலோர் தாங்களாகவே குளிர்கால டயரைப் பொருத்தி வந்தார்கள். அப்படியானால் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். பத்துக் கார்கள் நின்றுவிட்ட சந்திப்பில், நிற்க முடியாமல் வந்து மோதுவது பதினொன்றாவது கார்தான். அந்த ஒரு காருக்காகத்தான் சட்டம்.

அண்டை மாநிலமான ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. 1983 கலவரத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து சென்ற தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரொன்டோ அங்கேதான் இருக்கிறது. வெயில் நாட்டிலிருந்து போய், கையில் இருக்கும் சிறு தொகையில் ஒரு பழைய காரை வாங்கும் குடும்பத்துக்கு, இரண்டாவதாக ஒரு செட் டயர் என்பது பெரிய செலவுதான். போதாக்குறைக்கு, காரோடு வரும் டயரின் பெயரே ‘ஆல் சீசன்’, அதாவது எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது. பெயரை நம்புகிறவர் குளிர்காலத்துக்கும் அதுவே போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கியூபெக் சட்டம் அந்த டயரைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் பொறித்த சின்னம் டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜெர்மனியும் 2024 அக்டோபர் முதல் இந்தச் சின்னம் உள்ள டயரையே குளிர்கால டயராக ஏற்கிறது.

செலவைப் பற்றி இரண்டு விஷயங்கள். ஒன்று, இரண்டு செட் டயர்கள் மாறி மாறி ஓடுவதால் ஒவ்வொன்றும் கூடுதல் காலம் உழைக்கும். போட்ட பணத்தில் ஒரு பகுதி இப்படித் திரும்பி வருகிறது. இரண்டு, 2016 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்ட காருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் எல்லா நிறுவனங்களும் கழிவு தந்தாக வேண்டும். ஆனால் ஒரு சிக்கனம் மட்டும் கூடவே கூடாது. முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் போட்டுச் சமாளிப்பது ஆபத்து. முன்பக்கம் சாலையைப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் வால் சுழன்று கார் திரும்பி நிற்கும். போட்டால் நான்கும் போட வேண்டும்.

சரி, நான்கு சக்கரமும் இழுக்கும் காரால் பயனே இல்லையா? உண்டு. பனியில் புதைந்த இடத்திலிருந்து கிளம்புவதற்கும், ஏற்றத்தில் ஏறுவதற்கும் அது மிகவும் உதவும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களும் ஒன்றுதான். எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், கனமான பெரிய கார் சுலபமாகக் கிளம்பிவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதையே ஓட்டுபவர் உணராமல் போகிறார். முதல் வளைவில்தான் அது தெரியவருகிறது. சாதாரண டயரில் ஓடும் பெரிய காரைவிட, குளிர்கால டயர் போட்ட சின்னக் கார் முன்னதாக நின்றுவிடும்.

இன்றைய குடும்பக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுபடுபவை. இயந்திரத்தின் எடை அந்தச் சக்கரங்களின் மேலேயே அழுத்துவதால் பிடி கிடைக்கிறது. இயந்திரம் பின்னால் இருந்த பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் இதே காரணத்தால் பனியில் நன்றாக ஓடியது. பனி அள்ளும் வண்டியை ஓட்டும் தொழிலாளி, அந்த வண்டி நிற்கும் இடத்துக்கே பீட்டிலில்தான் போகிறார் என்று காட்டிய 1960-களின் விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது.

காரில் உள்ள மின்னணுக் கருவிகளும் துணை செய்கின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக், மிதித்த நிலையிலும் ஸ்டீரிங்கைத் திருப்ப வழி செய்கிறது. ஆனால் இறுகாத புதுப்பனியில் அது நிற்கும் தூரத்தைக் குறைப்பதில்லை, சில நேரம் கூட்டவும் செய்யும். சறுக்கும் காரைச் சக்கரம் சக்கரமாகப் பிடித்து நேராக்கும் இ.எஸ்.சி. என்ற கருவி, கனடாவில் 2012 மாடல் கார்கள் முதல் கட்டாயம். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கருவியும் ஓட்டுபவரின் இடத்தைப் பிடித்துவிட முடியாது. ஸ்வீடனில் ஓட்டுநர் உரிமம் பெற விரும்புகிறவர், வழுக்கும் தளத்தில் காரை ஓட்டிப் பயிற்சி பெற்றாக வேண்டும். அங்கே முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், தன்னுடைய கார் தான் நினைத்த இடத்தில் நிற்காது என்பதே.

மற்றப் பாடங்களும் எளியவைதான். கிளம்பும்போது எண்ணெயை மெல்ல மிதிக்க வேண்டும். பிரேக், ஸ்டீரிங், எண்ணெய் மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் டயரால் தர முடியாது. ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் பிறகு திருப்ப வேண்டும். கார் சறுக்கினால் எண்ணெயிலிருந்து காலை எடுத்து, மோதப்போகும் மரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய பாதையைப் பார்த்து ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். கண் போகும் பக்கம்தான் கை போகும்.

குளிர் மிகக் கடுமையான நாளில்தான் ஆபத்து அதிகம் என்று நினைப்பதும் தவறு. பூஜ்ஜிய டிகிரிக்கு அருகில், பனிக்கட்டியின் மேல் நீர்ப்படலம் இருக்கும்போதுதான் அது மிக மோசமாக வழுக்குகிறது. கறுப்புப் பனிக்கட்டி என்று சொல்லப்படும் மெல்லிய படலம் கண்ணாடிபோல் இருப்பதால், கீழே உள்ள தார்தான் கண்ணில் படும். சாலை வெறும் ஈரம் என்றே தோன்றும். பாலங்களின் அடியிலும் குளிர்காற்று வீசுவதால், சாலைக்கு முன்னே பாலம் உறைந்துவிடுகிறது.

இன்னொரு செய்தி, மிக வருத்தமானது. 2022 ஜனவரி 7-ஆம் தேதி இரவு பாகிஸ்தானின் மரி மலை நகருக்குப் பனி பார்க்கப் போன ஆயிரக்கணக்கான கார்கள், கடும் பனிப்பொழிவில் சாலையிலேயே சிக்கிக்கொண்டன. பெரும்பாலும் சமவெளியிலிருந்து பிள்ளைகளோடு உல்லாசப் பயணம் வந்த குடும்பங்கள். விடிவதற்குள் 20-க்கும் மேற்பட்டோர் கார்களுக்குள்ளேயே உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டபோது, பனியில் புதைந்த புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

பனியில் சிக்கினால் செய்ய வேண்டியது இதுதான். முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். பனி பெய்துகொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப அகற்ற வேண்டும். இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிடாமல், மணிக்குப் பத்து நிமிடம் போல விட்டுவிட்டு ஓட்டி, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். காரை விட்டு நடந்துபோகக் கூடாது. ஒரு சிறு மண்வாரி, கம்பளி, குடிநீர், உணவு, மின்னேற்றிய கைத்தொலைபேசி ஆகியவை காரில் இருந்தால் ஓர் இரவைக் கழித்துவிடலாம்.

இந்த விஷயங்கள் இங்குள்ளவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். பள்ளி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் நியூசிலாந்தின் தென் தீவுக்கும் போய், வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டும் குடும்பங்கள் உண்டு. இருபது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் ஓட்டிய அனுபவம், பனியில் முதல் நாள் கைகொடுக்காது. வாடகைக் கார் முகப்பில் நிறத்தையும் இருக்கைகளையும் விசாரிப்பதற்கு முன்னால், டயரில் மலையும் பனிச்செதிலும் உள்ள சின்னம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டும் சங்கிலி தருவார்களா, அதை எப்படிப் பூட்டுவது என்று கேட்டு, அங்கேயே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால், கட்டிய விடுதிப் பணம் போனாலும் பரவாயில்லை என்று பயணத்தை ஒருநாள் தள்ளிப்போடுங்கள்.

குடும்பக் கார் பனியில் ஓடும். ஒவ்வொரு குளிர்காலமும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் அதில்தான் போய் வருகின்றன. தகுந்த டயரும், பாதி வேகமும், முன்னால் போகும் காரோடு தாராளமான இடைவெளியும் அதற்குப் போதும்.