பெரியோர் பிறந்த வீடுகள்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சங்கம் குடும்ப விவரத் திரட்டு ஒன்றை அச்சிட முற்பட்டிருப்பதை யாவரும் அறிவீர்கள். அதற்கான படிவத்தைப் பூர்த்தி செய்ய நானும் அமர்ந்தேன். பாட்டனார் பெயர், தகப்பனார் பெயர், அவர்கள் வகித்த உத்தியோகம், பெற்ற பட்டம் ஆகிய எல்லாவற்றிற்கும் கட்டங்கள் இருந்தன. தாயாருக்குக் கட்டம் இல்லை. இருந்திருப்பினும், என் தகப்பனாரைப் பெற்ற பாட்டியாரின் பெயர் எனக்குத் தெரியவில்லை; வீட்டில் வினவியும் சொல்வார் இல்லை. அந்த வெட்கமே என்னை இன்று இம்மேடையில் நிறுத்தியது.

புகழ் பெற்றார் ஒருவரைக் கண்டால், அவர் எக்குலத்தார், எவ்வூரார் என்று வினவுதல் நம் வழக்கம். அவர் வீட்டில் என்ன கற்றார், கற்பித்தவர் யார் என்று வினவுவதே பயன் தருவதாகும். மூன்று வீடுகளை ஈண்டு நோக்குவோம்.

வானநூல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டில் லாகூரில் பிறந்தார். 1983-இல் நோபெல் பரிசு பெற்றார். அவருடைய சிறிய தந்தையாராகிய சர் சி. வி. ராமன் அப்பரிசை 1930-இலேயே பெற்றவர். ஆதலின், ‘எல்லாம் இரத்தத்தில் வந்தது’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சந்திரசேகர் பன்னிரண்டு வயது வரையில் வீட்டிலேயே பெற்றோரிடமும் தனி ஆசிரியர்களிடமும் பயின்றவர். தாயார் சீதாலட்சுமி அம்மாள் பத்து மக்களைப் பெற்றவர். அவ்வளவு பாரத்தினிடையே இப்ஸனின் ‘பொம்மை வீடு’ என்னும் நாடகத்தைத் தமிழாக்கினார். தாய் நூலும் கையுமாக இருப்பதைக் கண்ட பிள்ளைக்குக் கல்வியின் அருமையை வேறொருவர் உரைக்க வேண்டுமோ?

அடுத்தது, சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த வீணை தனம்மாள் (1867–1938) இல்லம். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் அவர் வாசிக்கும் வீணையைக் கேட்க வித்துவான்களே வந்து அமர்வர். தேவதாசி மரபில் வந்த அக்குடும்பத்தில் வித்தை தாய் வழியே இறங்கியது. பேத்திமாராகிய பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் சிறந்தனர். மற்றொரு பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) கந்தப்பப் பிள்ளையிடம் நாட்டியம் பயின்று, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பின்னாளில் தாயார் ஜயம்மாள் பாட, மகள் அபிநயம் பிடித்தார். பேரன்மார் ரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் தேர்ந்தனர். உலகம் அம்மரபை இகழ்ந்த காலத்திலும் அவர்கள் சாதகத்தை விடவில்லை.

மூன்றாவது, டாக்டர் அம்பேத்கர் வீடு. அவர் 1891-இல் மாவ் நகரில் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். தகப்பனார் ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். பட்டாளப் பள்ளியில் கற்பித்தவர். தாயார் பீமாபாய், மகனின் இளமையிலேயே காலமானார். பள்ளியில் அச்சிறுவன் தனியே உட்கார வைக்கப்பட்டான். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடவும் அவனுக்கு உரிமையில்லை. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கோல் எத்துணைப் பொய்யானது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அப்பிள்ளை கேட்ட புத்தகங்களை வாங்கப் பணமில்லாதபோது, தகப்பனார் மணமாகிச் சென்ற தம் பெண்களிடம் சென்று, அவர்கள் நகையை வாங்கி அடகு வைத்தார் என்று அவர் சரிதம் எழுதினோர் கூறுவர். அந்த நகைகளை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்பர்களே! மூன்று வீடுகளும் குலத்தால் வேறு, செல்வத்தால் வேறு. ஒற்றுமை ஒன்றே: ஒருவர் தம் சுகத்தைக் குறைத்துக்கொண்டு மற்றொருவருக்கு வித்தையை அளித்தார். குலப்பெருமை பேசுவோர் மறப்பதும் அந்த ஒருவரைத்தான். பெரும்பாலும் அவர் பெண்ணாகவே இருப்பார்.

ஆதலின், திரட்டு அச்சேறுமுன் இரண்டு கட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும் என்று பிரேரேபிக்கிறேன். ஒன்று, தாயார், பாட்டியார் பெயர்கள். மற்றொன்று, ‘இவ்வீட்டில் உமக்குக் கற்பித்தவர் யார்?’ என்னும் வினா. விடை தெரியாதோர் இன்றிரவே தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டறிக. தாமதித்தால் என்னைப்போல் வெற்றுக் கட்டத்தோடு நிற்க நேரும்.