மருந்தும் நாணமும்



பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சங்கு ஊதுமுன்னரே வாயிலில் நிற்கும் இயல்பினர் அவர். சில திங்களாக விடியுமுன் உறக்கம் கலைகிறது, எழ மனம் வருவதில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. மருத்துவர் இதனை மனச்சோர்வு நோயெனக் கண்டு மாத்திரை வழங்குகிறார். ஆறு வாரங்களில் முகம் தெளிகிறது. பின்னர் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இல்லற இன்பத்தில் நாட்டம் குன்றியதே காரணம். அதனை வாய்விட்டுச் சொல்ல நாணம் இடந்தரவில்லை. நோய் திரும்புகிறது. வீட்டாரோ, "மறுபடியும் சோம்பல் பிடித்துக்கொண்டது" என்கின்றனர்.

மனத்தைத் தேற்றும் மருந்து வேட்கையை ஏன் குறைக்க வேண்டும்? இதனை அறிய நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தியின் வரலாறு துணைசெய்யும். அதன் வேர் இரத்த அழுத்தத்தையும் சித்தக் கலக்கத்தையும் தணிப்பதைப் பற்றி 1931-ஆம் ஆண்டில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையால் உலகம் அவ்வேரைத் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரிசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். இரண்டே ஆண்டுகளில் அது நியூயார்க் மனநல மருத்துவமனையிலும் புகுந்தது.

மருந்து பரவவே, புதிய முறையீடுகளும் எழுந்தன. உண்டவருள் சிலர் மந்தமுற்றனர். சிலர் துயரில் ஆழ்ந்ததாகவும் கூறப்பட்டது. துயருக்கு அதுவே காரணமா என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஆடவர் சிலருக்கு ஆண்மை தளர்ந்தது மறுக்கப்படவில்லை. ரிசர்ப்பின் நரம்பணுக்களில் சேமித்துவைக்கப்பட்டுள்ள செரட்டோனின், டோபமின் முதலிய பொருள்களை வறளச் செய்கிறது. டோபமின் ஊக்கத்திற்கு மட்டுமா உதவுகிறது? மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, புரொலாக்டினை மிகுதியாகச் சுரக்காவண்ணம் காப்பதும் அதுவே. காவல் நீங்கினால் புரொலாக்டின் பெருகும், வேட்கை குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் உண்டு. டோபமினின் செயலைத் தடுக்கும் மனநோய் மருந்துகள் பலவற்றிலும் இவ்விளைவு காணப்படுகிறது. செரட்டோனினைப் பெருக்கும் சோர்வு நீக்கி மருந்துகள் வேறு வழியில் இன்ப உணர்ச்சியை மழுங்கச் செய்கின்றன. காவிரிக் கரையில் வாழும் நமக்கு இது விளங்காததன்று: ஒரு மதகைத் திருப்பினால் பல வாய்க்கால்களில் நீர்மட்டம் மாறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மனச்சோர்வு தானே வேட்கையைக் குறைக்கும், நீரிழிவும் குறைக்கும். ஆகவே நாட்டம் குன்றியது மருந்துக்கு முன்னரா, பின்னரா என்பதே மருத்துவர் முதலில் கேட்கவேண்டிய வினா. முன்னரே குன்றியிருப்பின், மருந்தை நிறுத்துவது நோயை வளர்ப்பதாகும். பின்னரெனில், அளவைக் குறைக்கலாம். வேறு மருந்துக்கு மாற்றலாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றலாம். அவற்றையும் வீட்டார் நோயின் குணமென்றே எண்ணுவர்.

கேளாமல் இது வெளிவருவதில்லை. ஸ்பெயின் நாட்டில் சோர்வு நீக்கி மருந்துண்ட 344 பேரை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டனர். இக்குறையைத் தாமாகச் சொன்னவர் நூற்றுக்கு 14 பேர். நேரே வினவியபோது ஒப்புக்கொண்டவர் 58 பேர்! நம் நாட்டில், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அளிக்கப்படும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகளையும் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கு வழங்கியுள்ளது. பொன்மலைத் தொழிலாளிக்கும் அவ்வுரிமை உண்டு. அவர் நாணி நின்றாலும், மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே அதனை எடுத்துரைப்பது மருத்துவர் கடன்.