வலியை மறைக்கும் நோயாளி



ராணுவ மருத்துவமனை என்றதும் குண்டுக்காயம்தான் பலருக்கு நினைவு வரும். நான் சிவிலியன் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த ராணுவப் பயிற்சி மையத்தில் வரிசைகட்டி வந்தவை முழங்கால்களும் கணுக்கால்களும்தான். பூட்ஸோடும் முதுகுச் சுமையோடும் ஓடி ஓடிக் காலெலும்பில் மயிரிழை விரிசல் கண்ட பையன்கள். வெளியே நோயாளி வலியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். பட்டாளத்துப் பிள்ளை குறைத்துச் சொல்வான்.

தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் சுளுக்கு என்று வந்தான். “ஒண்ணுமில்லை மேடம், நாளைக்கு டெஸ்ட் ஓடிடுவேன்.” ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே குதித்தான், மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டான். கீழ்க்காலின் முன்னெலும்பு ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் அவன் கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தது. “ரிலிகேட் பண்ணிடுவாங்க மேடம்” என்றான். கூட்டாளிகள் முன்னே போக, தான் அடுத்த பேட்சில் தங்கிவிடும் பயம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இந்த விரிசல் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். மருத்துவரிடம் பேசி ஓட்டத்தை நிறுத்தினோம். சைக்கிள், நீச்சல், இடுப்புத் தசைக்குப் பயிற்சி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம். அத்தனை வாரமும் பையன் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பயிற்சி முடிந்து பாசிங் அவுட் அன்று தாயாரை அழைத்து வந்தான். “இவங்கதாம்மா என்னை ஓடவிடாம வச்சது.” அந்த அம்மா முதலில் முறைத்தார், பிறகுதான் கும்பிட்டார்.

படிக்கிற காலத்தில் காலெலும்பை வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணை மூடித் தடவித் தடவிப் படித்தேன். எலும்போடு உள்ளே வரக்கூடாதென்று பாட்டி என்னை வாசலிலேயே உட்காரவைத்தார். அந்தத் தடவலுக்குத்தான் பின்னால் சம்பளம் வாங்கினேன்.

போர்க்காயமும் உண்டு. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காகத்தான் நீச்சலில் இறங்கினார். 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார். அமெரிக்கத் தரைப்படையிலோ பிசியோதெரபிஸ்டுகளே சீருடை அதிகாரிகள். வியட்நாம் போர்க்காலத்தில் எலும்பு அறுவை மருத்துவர்கள் போதாதபோது, தசை, மூட்டுக் காயங்களை முதலில் பார்த்து மதிப்பிடும் பொறுப்பு அவர்களுக்கு வந்தது. கை நம்பகமாக இருந்ததால் அது நிலைத்தது.

இங்கே ஊரில் நம்மை “கரன்ட் வைக்கிறவங்க” என்கிறார்கள். மிஷினை மாட்டிவிட்டு செல்போன் பார்த்தால் வேறென்ன சொல்வார்கள்?

பட்டம் பெறும் நீங்கள் படையினருக்குச் சிகிச்சை தரும் பணிக்கு வர விரும்பினால், ராணுவ மருத்துவமனைகளின் சிவிலியன் பணியிட அறிவிப்புகளைக் கவனியுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகளில் ஒப்பந்தப் பணி உண்டு. அதுவும் வேண்டாம், சொந்த கிளினிக்தான் என்றாலும் பட்டாளம் உங்களைத் தேடி வரும். வேலூர் அருகே கம்மவான்பேட்டையைப்போல் படைக்கு ஆள் அனுப்பிப் பேர்பெற்ற ஊர்கள் நம்மிடம் உண்டு. ஓய்வுபெற்ற ஹவில்தார் வந்து, “முட்டி கொஞ்சம் பிடிக்குது, பரவாயில்லை” என்பார். அந்தப் பரவாயில்லையை நம்பாதீர்கள். நடக்கச் சொல்லிப் பாருங்கள், படி ஏறச் சொல்லிப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள். மிஷின் அதற்குப் பிறகு.