படத்தில் இல்லாதவர்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் அயல்வீட்டு மாணவன் ஒருவன் பாடசாலை ஒப்படை ஒன்றுடன் எம்மிடம் வந்தான். படம் ஒன்றைத் தெரிந்து, அது 'சொந்தம்' என்னும் கருத்தை எவ்வாறு புலப்படுத்துகின்றது என ஆராய வேண்டுமாம். அவன் கொணர்ந்ததோ, 1981ஆம் ஆண்டு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படம். "ஐயா, இதிலை ஒரு சனமுமில்லை. சொந்தம் எண்டு என்னத்தை எழுதிறது?" என்றான்.

"தம்பி, முதலிற் கண்ணாற் பார்; கதை பிறகு" என்றோம். பார்த்தான். சுவர்கள் நிற்கின்றன. யன்னல்கள் வெறும் துவாரங்கள். அவற்றின் மேலே வெளிச்சுவரிற் கரி படிந்திருக்கின்றது. "அங்கே ஏன் கரி?" என வினவினோம். "நெருப்பு உள்ளுக்கிருந்து வந்திருக்கு" என்றான். ஆம், எரிந்தவை உள்ளே இருந்தவை. அதனைப் படமே சொல்லிவிட்டது.

அதன் பின்னரே வரலாறு சொன்னோம். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலே தொடங்கிய முயற்சி அது. மறு ஆண்டு, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 நூல்களுடன் பொது நூலகமாயிற்று. பின்னர் லோங் அடிகளார் போன்றோர் உழைத்தனர். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த மாளிகை 1959இல் திறக்கப்பட்டது. சைவரும் கிறித்தவரும், உள்ளூராரும் வெளியூராரும் சேர்ந்து ஆக்கியது அது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை அண்டிய நாட்களில், 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில், ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன.

மறுநாள் மாணவன் மீண்டும் வந்தான். படத்தை வீட்டிற் காட்டினானாம். "அம்மம்மா உந்த யன்னலைத் தொட்டு, 'இதுக்குக் கிட்ட இருந்துதான் நான் படிச்சனான்' எண்டா. பிறகு ஒண்டும் கதைக்கேல்லை" என்றான். "தம்பி, நீ தேடிய ஆள் அகப்பட்டுவிட்டார், அதை எழுது" என்றோம்.

சபையோரே, சொந்தம் என்றால் உடைமை. சொந்தம் என்றால் உறவு. இழந்த பொருளை எம் உடைமை என்று சொல்லுதல் எளிது. உறவோ, போய்வந்தால் அன்றி நிலைப்பதில்லை. "புதுப்பித்த நூலகத்துக்கு நீ போனதுண்டோ?" என அவனைக் கேட்டோம். தலை குனிந்தான். "ஐயா கடைசியா எப்ப போனனீங்கள்?" என்று அவன் திருப்பிக் கேட்டபோது, எமக்கும் விடை வரவில்லை. எரிந்ததைப் பற்றி எத்தனையோ மேடைகளிற் பேசிய எமக்கு, இருப்பதைத் திறந்து பார்க்க நேரமில்லாது போயிற்று!

அடுத்த சனிக்கிழமை இருவரும் சென்றோம். முகப்பிற் கலைமகளை வணங்கி உள்ளே போனோம். அவன் யன்னலோரம் ஓர் இடம் பார்த்து அமர்ந்தான்.

இளைஞர்களே, அந்த வாங்கிலே இன்னும் இடமிருக்கின்றது. பெரியோர்களே, எமக்கும் இருக்கின்றது.